உட்கார்ந்து பார்க்கிற வேலை

என் வீட்டுக்காரரை உட்கார வைத்தே கெடுத்தவள் நான்தான். இதை யாரும் என் முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன், என் வாய் அப்படி. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறந்த ஊர் வேப்பம்பட்டு. அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர். நிலமெல்லாம் பிளாட் ஆனபிறகு அதே நிலத்தில் கட்டுகிற வீடுகளுக்குச் செங்கல் சுமந்தார். என்னைப் பெண் கேட்டு வந்தபோது, மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு உண்டா, குடிப்பழக்கம் உண்டா என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. நின்றுகொண்டு பார்க்கிற வேலையா, உட்கார்ந்து பார்க்கிற வேலையா என்று மட்டும் கேட்டார். உட்கார்ந்துதான், தலைக்கு மேலே ஃபேன் ஓடும் என்று தரகர் சொன்னார். அத்தோடு பேச்சு முடிந்தது, தட்டு மாற்றிக்கொண்டார்கள். சிரிக்காதீர்கள். எங்கள் வீட்டு ஆட்களில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர் அதுவரை ஒருத்தரும் கிடையாது.

அவருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் எடை மேடையில் வேலை. லாரி வந்து மேடைமேல் நிற்கும், பக்கத்துச் சின்ன ரூமில் இவர் உட்கார்ந்திருப்பார், எடையைப் பார்த்துச் சீட்டு எடுத்துக் கொடுப்பார். கல்யாணமான புதிதில் ஒவ்வொரு லாரிக்கும் எழுந்து வெளியே போவாராம். சக்கரமெல்லாம் மேடைக்குள் இருக்கிறதா, டிரைவர் இறங்கிவிட்டாரா என்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, நம்பரை எழுதிக்கொண்டு உள்ளே வருவாராம். அப்புறம் மேடையைச் சுற்றிக் கேமரா வைத்தார்கள். சக்கரம் வைத்த நாற்காலி ஒன்றும் கொடுத்தார்கள். சீட்டு வேண்டும் என்றால் டிரைவரே ஜன்னலுக்கு வந்துவிடுவார். காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருக்க வேண்டும். கால் மரத்துப் போகிறது என்று வந்து சொன்னார். கொழுப்பா உங்களுக்கு என்று கேட்டேன்.

ஏன் கேட்க மாட்டேன்? நான் இருபது வருஷமாக நிற்கிறவள். பட்டரைவாக்கம் பக்கத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். இடுப்பு உயரத்துக்கு மேஜை, அதன்மேல் சட்டை வந்து விழுந்துகொண்டே இருக்கும். தையலைப் பார்க்கணும், நீட்டிக்கொண்டிருக்கிற நூலை வெட்டணும், கறை இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கணும். எங்கள் செக்‌ஷனில் நாற்காலி என்ற சாமானே கிடையாது, இருந்தால் தூங்கிவிடுவோமாம். இரண்டு முழங்காலுக்குப் பின்னாலும் நரம்பு முடிச்சு முடிச்சாக நிற்கிறது. அதைக் காட்டப் போனபோது டாக்டர் எனக்குச் சொன்ன ஒரே வைத்தியம், முடிந்தவரை உட்காருங்கள், காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்து முதல் முறையாக உட்காருகிற அந்த நிமிஷம் இருக்கிறதே, அது சொர்க்கம். அதைப் போய் நோய் என்று யாராவது சொன்னால் எனக்கு எப்படிப் புரியும்?

முதல் தடவை அவருக்கு நெஞ்சு வலி வந்தபோது நாற்பத்தொன்பது வயது. வேலையில் இருக்கும்போது தாடை வலித்திருக்கிறது, இடது கை கனத்திருக்கிறது. கேஸ் என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டு இன்னும் நாலு லாரி எடை போட்டிருக்கிறார் மனுஷன். ஐந்தாவது லாரிக்காரர்தான் வேர்த்து வழிகிற முகத்தைப் பார்த்து ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அடைப்பு எடுத்து ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கள் தெருவில் அதற்குக் கம்பி என்று பெயர்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், ஒரு வாரம் நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும் என்றார். அந்த ஒரு வார்த்தை என் மண்டையில் ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. அடுத்த முறை காட்டப் போனபோது அவரே வேறு மாதிரிதான் சொன்னார். காலையில் மெதுவாக நடக்கட்டும், மற்ற நேரம் ஒரே இடத்தில் உட்கார வேண்டாம், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்திருக்கட்டும், வீட்டில் சின்னச் சின்ன வேலை பார்க்கட்டும் என்றார். நான் தலையாட்டினேன். படித்த மனுஷர் மரியாதைக்குச் சொல்கிறார், நாம் நம் ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று நினைத்தேன். ஓசூரில் கட்டிக்கொடுத்த என் பெண், அப்பாவுக்கென்று ஒரு சோபா அனுப்பிவைத்தாள். பக்கத்தில் இருக்கிற கைப்பிடியை இழுத்தால் முதுகு சாயும், கால் மேலே வரும். தெருவே வந்து அதில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போனது.

ஆனால் அவர் அந்த டாக்டர் சொன்னதைக் கேட்டார். அவருக்கு இரண்டு மாதம் மெடிக்கல் லீவு. நான் வேலைக்குப் போன பிறகு பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பார். முதலில் தெருமுனைக்குப் போய்ப் பால் பாக்கெட் வாங்கி வந்தார். அப்புறம் தொட்டியில் இருக்கிற கருவேப்பிலைச் செடிக்குச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தார். நான் வருவதற்குள் கீரை ஆய்ந்து வைத்திருப்பார், பாதித் தண்டையும் சேர்த்துத்தான். கடைசியில் துணி காயப்போடுகிற வேலையையும் எடுத்துக்கொண்டார். பக்கெட் கனக்கும் என்று நாலைந்து துணியாகத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்கும் கீழுக்கும் மெதுவாக நடப்பார். மாடியில் கொஞ்ச நேரம் நின்று ரயிலைப் பார்ப்பாராம். ஒரு வாளித் துணிக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டுமே, அவருக்கு வேறு என்ன அவசரம்?

முகம் தெளிந்தது. ராத்திரி படுத்ததும் தூங்கினார். உடம்பு லேசா கீது என்று அவராகவே ஒருநாள் சொன்னார். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் தன் உடம்பைப் பற்றி அவர் நல்லதாகச் சொன்னது அன்றைக்குத்தான். டாக்டரும் பார்த்துவிட்டு, இப்படியே இருங்கள், விட்டுவிடாதீர்கள் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருடைய அக்கா. அம்மா இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர், நாங்கள் குடியிருக்கிற மேனாம்பேட்டிலேயே இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தெருவில் வரும்போதே நிமிர்ந்து பார்த்திருக்கிறார். மாடியில் தம்பி என் நைட்டியை உதறிக் கொடியில் போட்டு கிளிப் மாட்டிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா வீட்டுக்குள் வரவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டார், நான் வெளியே வந்தேன்.

"நெஞ்சுல கம்பி வெச்சவன மாடி ஏத்தி உன் நைட்டிய காயப்போட வெச்சிகீறியே. அவன் போய்ட்டா உனுக்கு இன்னா? நீ வேலைக்குப் போற பொம்பள" என்றார்.

எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. எனக்குச் சுருக்கென்று தைத்தது நைட்டி இல்லை, அந்தக் கடைசி வார்த்தை. சம்பாதிக்கிறவள், புருஷன் இருந்தால் என்ன, போனால் என்ன என்கிற அர்த்தம். விறுவிறுவென்று மாடிக்கு ஓடினேன். அவர் கையில் இருந்த ஈரத்துணியைப் பிடுங்கினேன். இனிமேல் ஒரு துரும்பைக்கூட நீங்கள் எடுக்கக் கூடாது, எடுத்தால் என் பொணத்தைத்தான் பார்ப்பீர்கள் என்று கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் என் அழுகையைப் பார்த்துவிட்டுக் கீழே இறங்கிப் போனார். அதற்குப் பிறகு அவர் கொடியைத் தொடவில்லை.

அன்றிலிருந்து நான் காட்டினேன் பாருங்கள், பாசம். விடியுமுன் எழுந்து எல்லா வேலையையும் முடித்துவிடுவேன். சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு பிளாஸ்கில் வெந்நீர், மாத்திரை டப்பா, பிஸ்கட், டிவி ரிமோட் எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் வைத்தேன். போனுக்குச் சார்ஜ் போட அவர் எழுந்திருக்கக் கூடாதென்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அங்கேயே ஒரு பிளக் வைக்கச் சொன்னேன். லீவு முடிந்ததும் பகலில் எடை மேடையில் அந்தச் சக்கரம் வைத்த நாற்காலி, சாயங்காலம் சோபா. காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்களே என்று சில வாரம் ஏரிக்கரைக்குப் போனார். நாய் துரத்துகிறது என்றார், அப்புறம் மழை வந்து சேறானது, நின்றுவிட்டது. நானும் போகட்டும், ரெஸ்ட் எடுக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

தெரு என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. புருஷனை எப்படித் தாங்குகிறாள் பார் என்றார்கள். என் நாத்தனாரே நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, எங்கம்மா இருந்திருந்தாக்கூட இப்படிப் பாத்திருக்க மாட்டா என்றார். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்பவே பிடித்திருந்தது. கால் வலிக்க வலிக்க வேலை செய்வதில் ஒரு கர்வம் வந்துவிட்டது.

அவருக்குத் தொப்பை வைத்தது. கன்னம் வைத்தது. ஆள் நல்லா தேறிட்டாரே என்று பார்க்கிறவர்கள் சொன்னார்கள், நானும் நம்பினேன். சர்க்கரை வந்தது, அது எல்லாருக்கும் வருவது என்றேன். படுக்க இரண்டு தலையணை வேண்டும் என்றார், எடுத்துக் கொடுத்தேன். சாயங்காலம் சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலில் அதன் தடம் பள்ளமாக நின்றது. என் காலிலும்தான் வீக்கம் இருக்கிறது என்று எண்ணெய் தேய்த்துவிட்டேன். தினமும் கைநிறைய சட்டையை எடுத்து ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிறவள் நான். வீட்டில் இருந்த மனுஷனை எனக்குச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை.

போன வருஷம் ஆடி மாதம் இரண்டாவது தடவை வந்தது. குளித்துவிட்டு வந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றார், அப்படியே சரிந்துவிட்டார். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். இந்தத் தடவை பார்த்தது வேறு டாக்டர், சின்ன வயதுப் பெண். ஸ்கேன் எடுத்துவிட்டு என்னைத் தனியாக உட்கார வைத்துப் பேசினாள். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிற சக்தி பாதிக்கும் கீழே போய்விட்டது, செத்துப்போன தசை திரும்ப வராது, மாத்திரையில் ஓட்டலாம், எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது என்றாள். அப்புறம் அந்தப் பெண், வீட்டில் அவர் என்னென்ன வேலை செய்வார் என்று கேட்டாள்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதற்குத்தானே காத்திருந்தேன்! ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை, தண்ணீர்கூட நான்தான் கையில் கொடுப்பேன், தட்டைக்கூட எடுக்க விடமாட்டேன், ரிமோட்டுக்குக்கூட எழுந்திருக்கத் தேவையில்லை என்று ஒவ்வொன்றாக ஒப்பித்தேன். சொல்லச் சொல்ல அவள் பேனா நின்றுவிட்டது. பழைய ஃபைலை எடுத்துப் புரட்டினாள்.

"இதெல்லாம் அவர் செய்யணும்னுதாம்மா எழுதியிருக்கு. நடக்கணும், அடிக்கடி எழுந்திருக்கணும், வீட்டு வேலை பார்க்கணும்னு. யாரும் படிச்சுச் சொல்லலையா?" என்று கேட்டாள்.

நீல மசியில் இங்கிலீஷில் மூன்று வரி. அந்த ஃபைலை நான்தான் பிளாஸ்டிக் கவர் போட்டு, பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தேன். படிக்கத் தெரியாது என்பதும் சாக்குதான். அதே வார்த்தையைத் தமிழில் என் காதில் போட்டிருந்தார்களே, என் வீட்டுக்காரர் அதைச் செய்தும் காட்டினாரே. அந்த டாக்டர் பெண் என்னைத் திட்டவில்லை. இது ஒன்றால் மட்டும் வந்தது என்று சொல்ல முடியாது, சர்க்கரை இருக்கிறது, முன்னே பீடி குடித்திருக்கிறார், உங்களையே குற்றம் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றாள். நல்ல மனசுக்காரி. எனக்கு அந்த நாற்காலியிலேயே உயிர் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

வேலையை விட்டுவிட்டார். வீட்டுக்குள்ளேயே ஐந்து நிமிஷம், ஒரு நாளைக்கு மூன்று வேளை, மெதுவாக நடக்கணும், மூச்சு வாங்கினால் நிறுத்திவிடணும் என்று சொல்லி அனுப்பினார்கள். உசிரை இழுத்துப் பிடிக்க அவ்வளவுதான் மிச்சம். ஸ்டூலை எடுத்துக் கொல்லையில் போட்டேன். ரிமோட்டை டிவி மேலேயே வைத்தேன். தண்ணீர் வேண்டுமா, எழுந்து போய்க் குடியுங்கள் என்றேன். இத்தனை நாள் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கத்திய அதே வாய். காலையில் ஒரு தடவை என் எதிரிலேயே நடக்க வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன். படுக்கை ரூமிலிருந்து அடுப்படி வரைக்கும் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அப்புறம் திரும்புவார். பதினொரு மணி டீ நேரத்தில் ஒரு போன், மூன்று மணிக்கு ஒரு போன். நடந்தீங்களா என்பேன். நடந்தேன் என்பார். அன்றைக்கு மிச்ச நேரமும் எனக்கு நிம்மதியாகப் போகும்.

ஆனால் காலில் வீக்கம் வடியவில்லை. அடுப்படி வரை போனவருக்கு ஹால் தாண்டுவதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. மூன்று வேளையும் நடக்கிற ஆளுக்கு ஏன் இப்படி என்று எனக்குப் புரியவில்லை.

போன வாரம் ஒருநாள் கம்பெனியில் தையல் செக்‌ஷனிலிருந்து பீஸ் வரவில்லை. சும்மா நிற்க வைப்பானேன் என்று எங்களை மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். நான் வீட்டு கேட்டுக்கு வந்தபோது மூன்று மணி ஆகப் போகிறது. ஜன்னல் வழியே அவர் தெரிந்தார். சோபாவில் இருந்தார், கால் மேலே தூக்கியிருந்தது, டிவி ஓடவில்லை, சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்ன தோன்றியதோ, உள்ளே போகாமல் அங்கேயே நின்று போன் போட்டேன். எடுத்தார். நடந்தீங்களா என்றேன். இப்போ நடந்துகினே தான் பேசறேன் என்றார். காலைக் கீழே இறக்கக்கூட இல்லை.

உள்ளே போனேன். சண்டை போடத்தான் போனேன். என்னைப் பார்த்ததும் போனைக் கீழே வைத்தார், மாட்டிக்கொண்டோமே என்கிற முகம்கூட அவரிடம் இல்லை. நான் இல்லாதபோது எத்தனை நாளாக நடக்கவில்லை என்று கேட்டேன். போன மாதத்திலிருந்து என்றார். பகலில் அக்கா வந்ததாம். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதைப் பார்த்து, இந்த நிலைமையிலயும் உன்ன நிக்க வெச்சி வாட்டுறாளா என்று அழுததாம். இதை இத்தனை நாள் என்னிடம் சொல்லவில்லை. அக்கா சொன்னால் சொல்லட்டும், உங்களுக்கு உயிர்மேல் ஆசை இல்லையா, எனக்காகவாவது நடக்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்.

"உனக்காகத்தான்மே உக்காந்துகினு கீறேன். நான் போப்போறவன். நடந்துகினு கீறப்போ வுயுந்து செத்தேன்னு வெச்சிக்கோ, நீதான் நடக்க வெச்சி சாவடிச்சேன்னு ஆயுசுக்கும் சொல்லுவாங்க. உக்காந்துகினே போய்ட்டா உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. இந்தத் தெருவை எனக்குத் தெரியும். அவர் அப்படியே உட்கார்ந்தபடி போய்விட்டால், கடைசிவரைக்கும் புருஷனை ஒரு குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டாள் என்று என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுவார்கள்.